பைன் தோப்பைச் சுத்தம் செய்தார்கள்

ராமச்சந்திராபுரத்தில் எங்கள் காலனிக்கும் தொழிற்சாலை டவுன்ஷிப்பின் எல்லை மதிலுக்கும் நடுவில் ஒரு பைன் தோப்பு உண்டு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஹைதராபாத் வெயிலில் பைனா என்பார்கள். மலையில் வளர்வதுபோல் வளராதுதான். ஆனால் வெப்ப நாட்டுப் பைன் ஜாதி ஒன்று இருக்கிறது, அது இந்தச் செம்மண்ணிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு மலைப் பிரதேசத்து ஆசை. பாறையும் புதரும் சீத்தா மரங்களுமாகக் கிடந்த இடத்தை வழித்தெடுத்து, வரிசை வரிசையாகப் பைன் கன்றுகளை நடவைத்துவிட்டு, மாற்றலில் டெல்லி போய்விட்டார். நான் கல்யாணமாகி வந்தபோது அவை மாடி உயரம் வளர்ந்திருந்தன.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாவரவியல் படித்தவள். என் கணவரின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கிறது. அவருக்குத் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. கல்யாணம் முடிந்த வாரமே, "உனக்குச் செடி கொடின்னா உசுராமே, வா காட்டுறேன்" என்று பெருமையாக என்னை அந்தத் தோப்புக்குக் கூட்டிப்போனார்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தரை முழுக்கப் பழுப்பு நிற ஊசி இலைகள், ஒரு சாண் கனத்துக்கு. கால் வைத்தால் வழுக்கியது. ஒரு புல் இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்றில் பினாயில் போல ஒரு வாடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"கழுவி விட்ட மாதிரி இருக்கு. ஒண்ணுமே முளைக்கலையே இங்க."

"அதான் மா அழகு. எவ்ளோ க்ளீனா இருக்கு பாரு."

அவர் சுத்தக்காரர். சாப்பிடுகிற தட்டைத் தானே இன்னொரு முறை கழுவிக்கொண்டுதான் உட்காருவார். நானும் அருவருப்பு மிகுந்தவள்தான். பல்லி விழுந்த தண்ணீர்ப் பானையை உடைத்தே போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு எது அருவருப்போ அது அவருக்கு அழகாகவும், அவருக்கு எது அருவருப்போ அது என் பிழைப்பாகவும் இருந்துவிட்டது.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பக்கத்துத் தனியார் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. மாணவிகளைத் தொலைவில் உள்ள காட்டுக்குக் கூட்டிப்போக நிர்வாகம் பஸ் தராது. அதனால் ஒவ்வொரு மழைக்காலமும் இந்தப் பைன் தோப்புக்கே நடத்திக்கொண்டு வருவேன். தோப்புக்குள் சில இடங்களில் கயிறு கட்டிச் சதுரம் பிடிப்போம். அதற்குள் என்னென்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பது பாடம். ஒரே இடத்தை ஆண்டுதோறும் பார்த்துவந்தால், நட்ட காட்டின் அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியும்.

ஆரம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஓரச் சதுரங்களில் குப்பைமேனி, நாயுருவி என்று ரோட்டோரத்துச் செடிகள் நாலு இருக்கும். உள்ளே போனால் ஊசி இலைதான். மாணவிகள் சதுரத்தைச் சுற்றி உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். எனக்கே அந்த இடத்தின்மேல் வெறுப்பாக இருந்தது. எவனோ ஒருத்தன் ஆசைக்கு ஒரு நிலத்தையே மூச்சடைக்க வைத்திருக்கிறான் என்று தோன்றும்.

பிறகு ஒரு கோடையில் சூறைக்காற்று அடித்தது. வரிசைக்கு ஒன்றிரண்டாகப் பைன்கள் சாய்ந்தன. சாய்ந்ததை அறுக்க வந்தவர்கள், நெருக்கமாக நின்ற வேறு சிலவற்றையும் கம்பத்துக்கு ஆகும் என்று சேர்த்து அறுத்துக்கொண்டு போனார்கள். மேலே கூரையில் ஓட்டை விழுந்ததுபோல் வெயில் தரைக்கு வந்தது. அடுத்த மழைக்கே அங்கங்கே பச்சை தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதிலிலும் ஓர் ஓட்டை விழுந்தது. அந்தப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் வேலை செய்ய வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். அத்தனை மாடி கட்டத் தெரிந்த கான்ட்ராக்டருக்கு அவர்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டிக் கொடுக்கத் தெரியவில்லை. அவர்கள் விடியும் முன்பே சொம்போடு ஓட்டை வழியாக வந்து போனார்கள். தோப்பின் கிழக்கு மூலை நாறத் தொடங்கியது.

அந்த மூலையிலும் எங்கள் சதுரம் ஒன்று இருந்தது. ஒரு ஆகஸ்டில் அங்கே போய்க் கயிற்றைக் கட்டியபோது, மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "மேடம், இதி டொமாட்டோனே கதா?" என்று கேட்டாள். தக்காளியேதான். கொத்தாக முளைத்து, பூவும் விட்டிருந்தது. பக்கத்தில் கொய்யாக் கன்று, தள்ளி மிளகாய். விதை எப்படி வந்தது என்று கேட்டேன். மாணவிகள் கன்றையும் மதில் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்திக்குப் புரிந்து, எழுந்து ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் பாடத்தைச் சொன்னேன். பறவை கழித்தாலும் மனுஷன் கழித்தாலும் விதைக்கு ஒன்றுதான், நடக்க முடியாத செடி இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது என்றேன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே செருப்பைக் கழட்டிவிட்டு, தலைக்குக் குளித்தேன். அன்றைய ரசத்தில் தக்காளி சேர்க்க மனம் வரவில்லை.

வருஷங்கள் போகப் போகத் தோப்பு மாறியது. முதலில் ஓடிவந்து இடம் பிடித்த துத்தியும் ஆவாரையும் நிழல் கூடியதும் பின்வாங்கின. கொண்டைக்குருவிகள் பைன் கிளையில் உட்கார்ந்து எச்சமிட்டதில் வேம்பும் சந்தனமும் கறிவேப்பிலையும் வந்தன. மரநாய் பழம் தின்று கழித்த இடங்களில் ஈச்சங்கன்றுகள் கொத்தாக எழுந்தன. பாறை இடுக்கில் தப்பித்துக் கிடந்த பழைய சீத்தா வேர்கள்கூடத் தழைத்தன. பிரண்டை, கோவை, தண்ணீர்விட்டான் கொடி. அப்புறம் ஒரு மழையில் நன்னாரி. ஒரு பைனின் அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு மெல்லிய கொடி ஏறியிருந்தது. வேரைக் கிள்ளி முகர்ந்தால் அந்த வாசனை. பாளையங்கோட்டை சர்பத் கடையில் நிற்பதுபோல் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை மாணவிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

நட்டவன் நினைத்துப் பார்க்காத காடு ஒன்று அவன் நட்டதின் அடியில் வந்துகொண்டிருந்தது. அதை நான் வீட்டில் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் என் கணவர், "ஹவ், நீ சொன்னா சரிதான்" என்று இந்த ஊர் உருதுவில் ஓர் ஆமாம் போட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

தோப்பில் அசிங்கமும் கூடவே வளர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். பீர் பாட்டில், சிக்கன் கடைக்காரன் கொட்டிய இறகு மூட்டை, கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் தட்டுகள். பிறகு, கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளும் ஜோடிகள் வரத் தொடங்கினார்கள். பைன் மரம் பின்னணியில் இருந்தால் கொடைக்கானல் போல இருக்குமாம். கலர் புகை டப்பாக்களைக் கொளுத்துவார்கள். ஜிகினாத் தூள் தூவுவார்கள். அவர்கள் போன பிறகு ஒரு வாரத்துக்கு இலைகளெல்லாம் ரோஸ் நிறத்தில் மினுங்கும். மலத்தையாவது வண்டுகள் வந்து உருட்டிக்கொண்டு போயின. ஜிகினாவை எதுவும் தொடவில்லை.

என் கணவர் ஓய்வு பெற்றார். நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, தோப்பை ஒட்டிய ஊழியர் காலனியில் கட்டியிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தோம். முப்பத்தைந்து வருஷம் ஷிப்டு பார்த்த மனிதருக்குக் காலையில் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. காலனி நலச் சங்கத்தில் சேர்ந்தார். அதன் செயலாளர் நிலம் வாங்கி விற்பவர், எங்கள் தெருவில் பெரிய வீட்டுக்காரர். தொழிற்சாலை நிர்வாகத்திடம் பேசி, தோப்பைப் பராமரிக்கும் பொறுப்பைச் சங்கத்துக்கு வாங்கியிருந்தார். என் கணவரைப் பார்த்ததும், "சார் மாதிரி ஒழுங்கான ஆள்தான் இதுக்கு வேணும்" என்று தெலுங்கில் சொல்லித் தோப்பை அவர் கையில் கொடுத்துவிட்டார். இவர் முகம் மலர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து, "பைன் பார்க் ஆக்கப் போறோம்" என்றார்.

"பார்க்குன்னா?"

"அடில இருக்கிற ஜங்கிள் எல்லாம் எடுத்துட்டு, லான் போட்டு, வாக்கிங் டிராக். நான்தான் இன்சார்ஜ்."

நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டேன். "ஜங்கிள்னு எதைச் சொல்லுதிய? அதுல சந்தனம் இருக்கு, சீத்தா இருக்கு. அதெல்லாம் வந்து நிக்க எத்தனை வருசமாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அரே, பாம்பு இருக்கு மா உள்ள. நாத்தம். வாக்கிங் வர்ற லேடீஸ் மூக்கப் பொத்திட்டுப் போறாங்க."

"மதில் ஓட்டைய அடைச்சு, அந்தச் சனங்களுக்கு ரெண்டு கக்கூஸ் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க. நாத்தம் தன்னால போயிரும். செடி என்ன பண்ணுச்சு?"

"காய்கூ, எதுக்கு இவ்ளோ டென்ஷன் ஆகுற? மரத்த நாங்க தொடவே மாட்டோம். பைன் எல்லாம் அப்படியேதான் இருக்கும்."

அவருக்கு மரம் என்றால் பைன்தான். மற்றதெல்லாம் குப்பை. நான் சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடமும் பேசிப் பார்த்தேன். அவர் மரியாதையாக டீ வரவழைத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு, "மேடம், நீங்க சொல்ற செடிங்களுக்கெல்லாம் ஒரு மூலைல போர்டு வெச்சு மெடிசினல் கார்டன் போட்டுடலாம்" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பெங்களூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு அப்பாவிடம் பேசச் சொன்னேன். "அம்மா, ஒரு ஃபாரஸ்ட்டுக்காக ரெண்டு பேரும் ஏன் ஃபைட் பண்றீங்க? வதிலேயண்டி மா" என்றாள். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அவளுக்குத் தெலுங்கில்தான் சமாதானம் சொல்ல வரும்.

இயந்திரம் வந்த நாளில் எனக்குக் கல்லூரி இருந்தது. மதியம் ஷேர் ஆட்டோவில் இறங்கும்போதே கறிவேப்பிலை வாசனை முகத்தில் அடித்தது. காலனி முழுக்க அந்த வாசனை. யார் வீட்டிலோ பெரிய விருந்து தாளிப்பதுபோல் இருந்தது. தோப்பைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஜேசிபி உள்ளே நின்றுகொண்டிருந்தது. பைன்களுக்கு நடுவில் இருந்ததையெல்லாம் வேரோடு சுரண்டி, ஊசி இலையையும் மேல்மண்ணையும் சேர்த்து வழித்து, ஓரத்தில் குவித்திருந்தது. கறிவேப்பிலைக் கிளைகளைக் காலனிப் பெண்கள் கை கொள்ளாமல் ஒடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி என்னிடமும் ஒரு கட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

என் கணவர் தொப்பி போட்டுக்கொண்டு, வாயில் விசிலோடு ஜேசிபிக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. தலையைக் கம்பியால் நசுக்கியிருந்தார்கள். வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. எலி பிடித்துத் தின்று ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்த பிராணி. இரண்டு பேர் அதைக் குச்சியில் தூக்கிப் பிடிக்க, செயலாளர் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்குள் போய் உட்காரும் முன்பே அந்தப் படம் காலனி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என் கணவருடையது.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து காபி கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவரே போட்டுக்கொண்டார். அந்தக் கையால் அவர் என் தம்ளரைத் தொட்டதுகூட எனக்குக் கூசியது. அதற்குப் பிறகு நெடுநாள் இருவரும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

அவர்கள் நினைத்த பூங்கா வந்தது. எங்கோ கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டி, புல் பதித்தார்கள். சிமெண்டில் மான், ஒட்டகச்சிவிங்கி, தாமரைமேல் உட்கார்ந்த கொக்கு. கொக்குக்கு எவனோ மீசை மாதிரி கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தான். பைன்களில் ஆணி அடித்து ஒலிபெருக்கி கட்டினார்கள். காலையில் அதில் பக்திப் பாட்டு. மாலையில், பூக்களைப் பறிக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு. பறிக்கப் பூவே கிடையாது. கொட்டகைக்காரர்கள் வந்துபோன மதில் ஓட்டையை அடைத்தார்கள். கழிப்பறை மட்டும் யாரும் கட்டித் தரவில்லை. அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று சங்கத்தில் எவரும் கேட்கவில்லை.

பைன் நிழலில் புல் பிடிக்கவில்லை. கோடையில் திட்டுத்திட்டாகக் காய்ந்துபோனது. மழை வந்ததும் வெறும் மண்ணாகக் கிடந்த இடமெல்லாம் பச்சை ஏறியது. அந்த வருஷமும் நான் மாணவிகளைக் கூட்டிப்போனேன். பழைய சதுரங்கள் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்துக் கயிறு கட்டினோம். சில சதுரங்களில் முன்பு இருந்ததைவிட அதிக வகைகள் முளைத்திருந்தன. முன்வரிசையில் உட்காரும் கெட்டிக்காரி ஒருத்தி கேட்டாள்.

"மேடம், அப்ப க்ளீன் பண்ணினது நல்லதுதானா? டைவர்சிட்டி ஜாஸ்தி ஆயிருக்கே."

பாடப்புத்தகக் கணக்குப்படி அவள் கேட்டது சரி. என்னென்ன வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொன்னேன். எல்லாம் லாரி மண்ணோடு வந்தவை, எந்தக் குப்பைமேட்டிலும் எந்த பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் நிற்பவை. இத்தனை வருஷம் காத்திருந்து நிழலில் வந்த ஒன்றுகூட அவற்றில் இல்லை. தலைகளை எண்ணினால் கூட்டம் பெரிதாகத்தான் தெரியும், யார் போய்விட்டார்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

அடுத்த மழையில் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானதையும் காணோம். எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு ஒன்று எழுந்திருந்தது: பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, உப்புக்கல் தூவினது போல வெள்ளைப் பூ. தெலுங்கில் அதை வய்யாரிபாமா என்பார்கள், ஒய்யாரி என்று அர்த்தம். சிமெண்டு மான் இடுப்பு வரை அதில் முங்கி நின்றது. செயலாளர் ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்று அறிவித்தார். எல்லாரும் வந்து கையால் பிடுங்க வேண்டும்.

"கையுறை போட்டுக்கிடுங்க. முழுக்கைச் சட்டை போடுங்க. அது தோலுக்கு ஆகாது" என்று என் கணவரிடம் சொன்னேன். அந்த மாதங்களில் நானாக அவரிடம் பேசியதில் நீளமானது அதுதான்.

"ஹவ் ஹவ்" என்றார். அரைக்கைச் சட்டையோடுதான் போனார். இன்சார்ஜ் கையுறை போட்டால் மற்றவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் போனார். போட்டோ எடுத்த பிறகு மற்றவர்கள் டிபனுக்குக் கலைந்துவிடுவார்கள். இவர் மட்டும் வெயில் ஏறும்வரை பிடுங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் கண் இமை சிவந்தது. பிறகு கழுத்து, முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்னால். தோல் தடித்து, வெடித்து, நீர் வடிந்தது. செகந்திராபாத்தில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்ததுமே, "தோட்டவேலை ஏதாவது செய்றீங்களா?" என்று கேட்டார். மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்து, அந்தச் செடி இருக்கும் பக்கமே போகக்கூடாது, காற்றில் அதன் தூசி பட்டாலே திரும்ப வரும் என்றார். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அந்தச் செடிதான்.

ஜன்னல்களை மூடினோம். மூடிய வீட்டில் களிம்பு வாடையும் அவர் உடம்பின் வாடையும் தேங்கி நின்றன. காலையில் தலையணை உறையில் மஞ்சளாகக் கறை படிந்திருக்கும்; படுக்கையை உதறினால் செதில் செதிலாகத் தோல் உதிரும். தட்டை இரண்டு முறை கழுவுகிற மனிதர் தன் கையைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். முதுகிலும் கழுத்திலும் நான்தான் களிம்பு போட வேண்டியிருந்தது. முதல் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டேன்.

ஒருநாள் குனிந்தபடியே கேட்டார். "நான்னா உனக்குக் குமட்டுதா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றேன். "தோலால இல்ல. அதுக்கு முன்னாடியே."

"அந்தப் பாம்பு போட்டோவுக்கு நான் தம்ஸ் அப் போட்டிருக்கக்கூடாது" என்றார்.

"பாம்பு மட்டுமா?"

"வேற என்னென்னன்னு எனக்குத் தெரியாது மா. நிஜமாவே தெரியாது. எனக்கு எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரிஞ்சுது."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஒன்றைச் சுத்தம் செய் என்று சொன்னால் அடிவரை சுரண்டுவார், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். களிம்பு மூடியை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினேன். சோப்பு இரண்டு முறை போட்டேன்.

அவருக்கு உடம்பு கொஞ்சம் தேறிய சமயத்தில் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. சுற்றுச்சூழல் தினத்துக்குப் பூங்காவில் மரம் நடு விழா, நான் சிறப்பு விருந்தினர், என் கணவருக்கும் கௌரவிப்பு. எனக்குப் போக மனமில்லை. அவருக்கு ஆசை இருந்தது. கோடை முடியாத நேரம், பார்த்தீனியம் காய்ந்து கிடந்தது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று முழுக்கைச் சட்டை, மப்ளர், கறுப்புக் கண்ணாடியோடு கிளம்பினார். நானும் போனேன்.

பந்தலில் இருவருக்கும் சால்வை போட்டார்கள். விநியோகம் ஆன சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்கள் ஆயிரம் இருக்கும்போல, தரை முழுக்க உருண்டன. செயலாளர், மேடம் இந்தத் தோப்புக்கு எவ்வளவு சேவை செய்திருக்கிறார் என்று பேசினார். பிறகு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு கன்றை என் கையில் கொடுத்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. கோனோகார்ப்பஸ். எங்கும் வேலிக்கு நட்டுவிட்டு, அதன் மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்று பல ஊர்களில் இப்போது நட வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருக்கிற ஜாதி. இருக்கிற பைனுக்கு நடுவில் இன்னொரு வரிசை. குழி தயாராக இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஃபாரின் ஜாதி மேடம். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். கீழ ஒண்ணும் முளைக்காது. மெயின்டனன்ஸே இல்ல."

கன்றைத் தரையில் வைத்தேன். மைக்கில் பேச வேண்டும் என்று தோன்றவில்லை. அவரிடம் மட்டும் சொன்னேன். "கீழே ஒண்ணும் முளைக்கக்கூடாதுன்னா சிமெண்டு போட்டுடுங்க சார். அதுக்குச் செடியக் கொல்ல வேண்டாம். என்னால இத நட முடியாது."

அவர் சிரித்தபடியே இருந்தார், போட்டோக்காரர் எதிரில் நின்றதால். சுற்றி நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று புரியாமல் கைதட்டத் தொடங்கினார்கள். நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். வாசல் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். என் கணவர் வேகமாக வந்துகொண்டிருந்தார். அவர் தோளிலும் சால்வை இல்லை.

"நீங்க இருந்துட்டு வரலாமே" என்றேன்.

"நக்கோ, வேணாம்" என்றார். "போதும்."

அன்று மத்தியானமே அவரைக் காலனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போனை என்னிடம் காட்டினார். அவருக்கு அது வலித்தது என்று தெரிந்தது. காலையில் போக ஓர் இடம் என்று இருந்தது அந்தச் சங்கம் ஒன்றுதான்.

நாங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தார்நாகாவில் ஒரு மூன்றாம் மாடிப் பிளாட்டுக்குக் குடிவந்தோம். இங்கே ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவர் தோல் ஆறிவிட்டது. கழுத்தில் மட்டும் கறுப்புத் தழும்பு. ராமச்சந்திராபுரம் போய்வந்த மாணவி ஒருத்தி, பூங்காவில் இப்போது பிளாஸ்டிக் புல்விரிப்பு போட்டிருக்கிறார்கள், பைன்கள் சில காய்ந்துவிட்டன என்று சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் மோண்டா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். வேர்க் கட்டுகள் விற்கிற ஒருவனிடம் நின்று என் கணவர், "இது என்னது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் அவசரத்தில் இருந்தான், பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் நன்னாரி வேரை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் அங்க இருந்துதா?" என்றார்.

"இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று சொன்னேன். தன் விசில் சத்தத்துக்கு இயந்திரம் எந்தப் பக்கம் திரும்பியது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறுப்பும் முழுசாகப் போய்விடவில்லை. கத்திரிக்காய்க்காரி சில்லறை கேட்டாள். கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.